காந்தா: வங்கப் பெண்களின் தையற்கலை

பழைய பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஓட்டுத்தையலால் ஒன்றாகப் பிணைத்து, அதன்மேல் உருவங்கள் தைப்பது காந்தா. மேற்கு வங்கத்துக்கும் வங்கதேசத்துக்கும் பொதுவான கைவேலை இது. நம் 'கந்தை'யும் அவர்களின் 'காந்தா'வும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. தமிழில் அந்தச் சொல் கிழிசலைச் சுட்டுவதோடு நின்றுவிட்டது. வங்கத்தில் ஒரு கலைக்கே பெயராகிவிட்டது.

மரபான காந்தாவுக்குப் புதுத்துணி ஆகாது. பல ஆண்டு உடுத்தி, துவைத்துத் துவைத்து நைந்த சேலைக்குத்தான் அந்த மென்மை வரும். நம் வீடுகளில் குழந்தைக்குத் தூளி கட்டப் பழைய நூல்சேலையைத் தேடுவதும் இதே காரணத்துக்காகத்தான். மூன்று முதல் ஐந்து அடுக்குவரை தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஓரத்தை மடித்து, பெரிய தையலாகப் போட்டு முதலில் நிறுத்திக்கொள்வார்கள். தைக்கும் நூலும் கடையில் வாங்கியதல்ல. கிழிந்த சேலையின் கரையிலிருந்தே சிவப்பு, நீலம், கறுப்பு இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். பழைய காந்தாக்களில் இந்த மூன்று நிறங்களே மிகுந்திருப்பது இதனால்தான்.

உருவத்தின் கோட்டை முதலில் தைத்து, பிறகு உள்ளே நிரப்புவது வழக்கம். மிஞ்சும் வெற்றிடத்தை வெள்ளை நூலால், உருவத்தின் விளிம்பையே ஒட்டிச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டு போவார்கள். ஒரு மீனைச் சுற்றி இப்படி இருபது வரிசை ஓடினால், துணி லேசாகச் சுருங்கி, மீன் அசைந்த தண்ணீரைப் போல் அலை எழும்பி நிற்கும். வெள்ளைமேல் வெள்ளையாக ஓடும் இந்தத் தையலைப் படத்தில் பார்த்தால் தெரியாது, விரலால் தடவித்தான் உணர முடியும். காந்தாவின் உயிர் இந்த அலையில் இருக்கிறது.

குளிருக்குப் போர்த்தும் கனத்த 'லேப்', விருந்தினருக்கு விரிக்கும் 'சுஜ்னி', கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்கும் 'ஆர்ஷிலதா', பணப்பை போல் மடியும் 'துர்ஜனி' எனப் பயன்பாட்டைப் பொறுத்துப் பெயர் மாறும். நடுவில் விரிந்த தாமரை, நான்கு மூலையிலும் மரம் என்பது பழகிய அமைப்பு. இடைவெளியில் என்ன வரவேண்டும் என்பது தைப்பவள் விருப்பம். தேரும் யானையும் பல்லக்கும் வரும்; பாக்குவெட்டியும் அரிவாள்மணையும் வரும்.

கொல்கத்தாவின் தெற்கே ஜோகாவிலுள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் தைப்பவள் விருப்பத்துக்கு ஒரு சான்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா அது. அதில் ஆங்கிலேயச் சிப்பாய்களும் உண்டு. தன் பெயரையும், தந்தைக்குத் தன் கையால் செய்தது என்பதையும் எழுத்தாகவே தைத்திருக்கிறாள். படிக்கும் பெண் விதவையாவாள் என்ற நம்பிக்கை வங்கத்தில் வேரூன்றியிருந்த நூற்றாண்டு அது. வங்க மொழியில் தன்வரலாறு எழுதிய ராஸ்சுந்தரி தேவி, ஒரு நூலின் ஏட்டைச் சமையலறையில் ஒளித்துவைத்து எழுத்துக்கூட்டிப் படித்ததும் அதே நூற்றாண்டில்தான். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெண் ஊசியால் கையொப்பமிட்டாள் என்பதைச் சிறிய செய்தியாகக் கடந்துவிட முடியாது.

இலக்கியத்தில் காந்தாவை நிலைநிறுத்தியவர் கவிஞர் ஜசீமுத்தீன். கிழக்கு வங்கத்தின் ஃபரீத்பூர் பகுதியில் பிறந்தவர், நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர். அவருடைய 'நக்‌ஷி காந்தார் மாட்' என்ற கதைக்கவிதை 1929இல் வெளிவந்தது. தலைப்புக்குச் 'சித்திரக் காந்தா வயல்' என்று பொருள் சொல்லலாம். ரூபாய் என்ற உழவனும் சாஜு என்ற பெண்ணும் மணந்து வாழ்கிறார்கள். அறுவடைத் தகராறு கொலையில் முடிய, ரூபாய் தலைமறைவாகிறான். காத்திருக்கும் சாஜு, தன் இளமையையும் திருமணத்தையும் அவன் பிரிந்துபோன இரவையும் ஒரு காந்தாவில் தைக்கிறாள். தன் கல்லறைமேல் அதை விரிக்கும்படி தாயிடம் கேட்டுக்கொண்டு இறந்துபோகிறாள். பின்னொரு நாள், அந்தக் காந்தாவைப் போர்த்தியபடி ரூபாய் கல்லறையருகே இறந்துகிடக்கிறான். சாஜு ஓரிடத்திலும் வாய்விட்டுப் புலம்ப வேண்டியதில்லை. அவள் சொல்ல நினைத்தது முழுவதும் துணியில் இருக்கிறது. உருவம் தைத்த காந்தாவுக்கு 'நக்‌ஷி காந்தா' என்ற பெயர் பரவியதே இந்தக் கதைக்கவிதைக்குப் பிறகுதான். இ. எம். மில்ஃபோர்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1939இல் வந்தது.

அதே 1939இல் கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் காந்தாவைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார். அவர் சேர்த்த காந்தாக்கள் பின்னர் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஐ.சி.எஸ். அதிகாரியான குருசதய் தத் ஊர் ஊராகத் தேடிச் சேகரித்தவையே ஜோகா அருங்காட்சியகத்தின் அடிப்படை. வீட்டு அலமாரியில் கிடந்து செல்லரித்துப் போயிருக்க வேண்டியவற்றை இவர்கள் காப்பாற்றினார்கள்.

சாந்திநிகேதனில் தாகூர் குடும்பத்துப் பெண்களும் அங்குள்ள கலைப்பள்ளியான கலாபவனும் காந்தாவுக்குப் புத்துயிர் கொடுத்தார்கள். வங்கதேசத்தில் 1971 விடுதலைப் போருக்குப் பிறகு, ஆதரவிழந்த பெண்களுக்கு அது பிழைப்பாயிற்று. 2008இல் மேற்கு வங்கத்தின் நக்‌ஷி காந்தா புவிசார் குறியீடு பெற்றது. இப்போது பட்டிலும் புதுப்பருத்தியிலும் காந்தா வேலை நடக்கிறது. சேலையும் துப்பட்டாவும் தமிழகக் கடைகள்வரை வருகின்றன. ஆனால் வேலைமுறை மாறிவிட்டது. ஒருவர் வரைந்த படத்தைத் துணியில் படியெடுத்துக் கொடுப்பார்கள். கிராமத்துப் பெண் கோட்டின்மேல் ஊசி ஓட்டி, துண்டுக்கு இவ்வளவு எனக் கூலி வாங்குவாள். அந்தக் கூலி பல அடுப்புகளை எரிய வைக்கிறது என்பது உண்மை. அவள் எதைத் தைக்க விரும்பினாள் என்பது அந்தச் சேலையில் இல்லை என்பதும் உண்மை.

இதற்கிடையே இந்தக் கலைக்கு அங்கீகாரமும் கிடைத்தது: காந்தா கலைஞர்களான பிரீதிகணா கோஸ்வாமி 2023இலும், தக்திரா பேகம் 2024இலும் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள்.