பெற்றோலிற் கலந்த மதுசாரம்

பெற்றோலுடன் மதுசாரங் கலப்பது புதுமையன்று. பிரித்தானியாவில் 1928ஆம் ஆண்டிலேயே ‘கிளீவ்லண்ட் டிஸ்கோல்’ என்னுங் கலவை விற்பனைக்கு வந்துவிட்டது. 1960களின் பிற்பகுதிவரை மோட்டார் வண்டிக்காரர் அதனை விரும்பியே வாங்கினர்.

2021 செப்டெம்பரில் 10 வீதம் வரை எதனோல் என்னும் மதுசாரங் கலந்த பெற்றோல் அந்நாட்டின் சாதாரண எரிபொருளாயிற்று. மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளைப் பேணுவோர் கலங்கினர், அக்கலக்கத்தில் நியாயமுண்டு. எதனோல் பழைய றப்பர்க் குழாய்களையும் தக்கை அடைப்புகளையும் கெடுக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நீர் மிகுந்தால் அந்நீரோடு பெற்றோலைவிட்டுப் பிரிந்து, தாங்கியின் அடியிற் படிந்து, உலோகத்தை அரிக்கும்.

அன்று நாள்தோறும் ஓடிய வண்டியில் எரிபொருள் நெடுநாள் தங்கவில்லை. இன்றோ அதே வண்டி குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நிற்கிறது. எதனோலும் உடன் நிற்கிறது. ஆகவே, எதனோல் 5 வீதத்துக்கு மேற்படாத உயர்ரகப் பெற்றோலையே, விலை கூடினும், அவர்கள் நாடுகின்றனர்.