கல்லுக்குள் குடித்தனம்

மோகனூரில் காவிரிக்கரைக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா கட்டிய கருங்கல் கிட்டங்கி ஒன்று இருக்கிறது. வெல்லமும் கோரையும் அடுக்கிய இடம். இரண்டடிச் சுவர், சுண்ணாம்புக் காரை. வியாபாரம் நின்றபின், அதன் ஒரு மூலையில் ஆயா ஒருவர் முப்பது வருடமாகக் குடியிருக்கிறார்.

போன வருடம் மாமா சொன்னார்: "இடிச்சா கூலிக்குக்கூடத் தேறாது கண்ணு. உள்ளாற தடுத்து டைல்ஸ் போட்டா மூணு குடும்பம் இருக்கும்." நானும் சரி என்றேன். ஆயா எங்கே போவார் என்று இருவருமே பேசவில்லை.

பிறகுதான் எனக்கு ஹம்பி ஞாபகம் வந்தது. விரூபாட்சர் கோயில் எதிரே, முக்கால் கிலோமீட்டர் போல நீளும் தெருவின் இருபுறமும் கல்தூண் மண்டபங்கள். விஜயநகரக் காலத்துக் கடைவீதி. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் நகரம் பாழானது. வெகுகாலம் கழித்து வந்தவர்கள் தூண்களுக்கு நடுவே சுவர் வைத்துக் குடியேறினார்கள். மேலே பழைய கல் கூரை, கீழே அடுப்பு, வாசலில் டீக்கடை. 1986இல் ஹம்பி யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2011 ஜூலையில் புல்டோசர்கள் வந்தன. குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. தூணைத் துளைத்தால் மறுபடி அடைக்க முடியாது என்பது நியாயம்தான். ஆனால் அந்த மண்டபங்களில் விளக்கேற்றியவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு.

பிரான்சின் ஆர்ல் நகரிலும் இதே கதைதான். ரோமானியர் கட்டிய வட்ட அரங்குக்குள் இடைக்காலத்தில் ஓர் ஊரே குடியேறியது. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள், இரண்டு சிற்றாலயங்கள். 19ஆம் நூற்றாண்டில் எல்லாவற்றையும் அகற்றி அரங்கை மீட்டார்கள்.

குரோவேஷியாவின் ஸ்பிலிட் வேறு வழியில் போனது. ரோமப் பேரரசர் டயக்ளீஷியன் 305இல் பதவி துறந்து, அங்கே தனக்கெனக் கட்டிய கல் அரண்மனையில் வாழ்ந்தார். 7ஆம் நூற்றாண்டில், பக்கத்து சலோனா நகரம் வீழ்ந்தபோது தப்பி வந்தவர்கள் அதற்குள் புகுந்தார்கள். பேரரசரின் கல்லறை தேவாலயமாயிற்று. மதிலில் சன்னல்கள் திறந்தன. நிலவறைகளில் குப்பை கொட்டினார்கள். அந்தக் குப்பை நிரம்பிக் கிடந்ததாலேயே நிலவறைகள் மாற்றமில்லாமல் தப்பின. மேலே அழிந்துபோன அறைகளின் அமைப்பை அவற்றைப் பார்த்துத்தான் ஊகிக்கிறார்கள். 1979இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது. மக்கள் இன்றும் அங்கே துணி உலர்த்துகிறார்கள்.

எங்கள் கிட்டங்கியைப் பார்க்க வந்த மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, இதுமேல சிமெண்டு பூசாதீங்க. சுண்ணாம்பு மூச்சு விடும். சிமெண்டு போட்டா ஈரம் உள்ளயே நின்னுக்கும்." சுவரில் காடி வெட்டாமல், ஒயரை வெளியே பைப்பில் கொண்டுபோகலாம் என்றார். தடுப்பும் கல்லில் பதியாமல் தனியாக நிற்கட்டும் என்றார். நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிக்கொள்ளலாம்.

மாமாவிடம் போய், மூன்றில் ஒன்று ஆயாவுக்கு, பழைய வாடகைக்கே என்றேன். "கணக்கு இடிக்குதே" என்றார். இடிக்கத்தான் செய்கிறது. என் பங்கு வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆயாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தக் கெழக்கு மூலையே குடுப்பீங்களா சாமி?"