மலிவு விலைக் கணினி ஸ்பீக்கர்கள்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஓர் அன்ரி இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வன்னிக்கு இடம்பெயர்ந்து, யுத்தம் முடிந்த பிறகு கொழும்புக்கு வந்தவர். அவரிடம் ஒரு கசெற் உண்டு. மகனுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது பதிவு செய்தது. அந்த மகன் 2009 இற்குப் பிறகு திரும்பி வரவில்லை.

உறவினர் ஒருவர் அந்தக் கசெற்றைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். அதைக் கேட்பதற்காக அன்ரி ஒரு கடையில் புதிதாக ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்கினார். போட்டுக் கேட்டால் ஒரே இரைச்சல். "தம்பி, பிள்ளையின்ர குரல் பழுதாப் போச்சு. இனி இந்தக் கசெற்றை வைச்சிருந்து என்ன செய்யிறது" என்று என்னிடம் சொன்னார்.

குரல் பழுதாகவில்லை. பழுது ஸ்பீக்கரில் இருந்தது. இதே தவறான முடிவுக்கு வேறு பலரும் வந்திருக்கக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டியில் உள்ள இலக்கம்

அன்ரியின் ஸ்பீக்கர் பெட்டியில் "1200 வோட் பி.எம்.பி.ஓ." என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. இந்த அளவுக்குப் பொதுவான நியமம் எதுவும் கிடையாது. உற்பத்தியாளர் விரும்பிய இலக்கத்தைப் போடலாம். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்று குறிப்பிடப்படும் வோட் அளவை. தொடர்ச்சியாக வெளிவரக்கூடிய சக்தியை அதுதான் காட்டும்.

அதுவும் பெட்டியில் இல்லாவிட்டால் அடப்டரைத் திருப்பிப் பாருங்கள். 5 வோல்ட், 1 அம்பியர் என்று இருந்தால் உள்ளே போவது 5 வோட் மட்டுமே. உள்ளே போவதைவிடக் கூடுதலாக வெளியே வர முடியாது. யூ.எஸ்.பி. வயரில் இயங்கும் சிறிய ஸ்பீக்கர் என்றால், பழைய கணினியின் சாதாரண யூ.எஸ்.பி. துளை தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி அம்பியர், அதாவது 2.5 வோட். இரண்டு பக்கமும் பங்கிட்டால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு வோட்தான் மிஞ்சும்.

ஒரு வோட் போதுமா? எங்கள் ஆட்களுக்கு இதற்கு விடை தெரியும். 1990களில் பொருளாதாரத் தடையால் வடக்கில் பற்றரி கிடைக்காத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட்டில் 3 வோட் அளவுதான். பிபிசி தமிழோசையை வீட்டாரோடு அயலாரும் சேர்ந்து கேட்க அது போதுமாக இருந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. சக்தியை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி தேவை. ஆகவே 3 வோட் ஸ்பீக்கரை விட்டு 6 வோட் ஸ்பீக்கருக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பெரிய பயன் இல்லை.

எதைத் தராது

மலிவான ஸ்பீக்கரின் உள்ளே இருப்பது 2 அல்லது 3 அங்குலக் கூம்பு. கீழ்ச்சுருதி ஒலிக்கு அதிகக் காற்றை அசைக்க வேண்டும். இந்தச் சிறிய கூம்பால் அது முடியாது. 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே சத்தம் விரைவாக விழுந்துவிடும். தவிலின் அடர்த்தியையும் மிருதங்கத்தின் தொப்பியையும் இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

சப்வூபர் பெட்டியுடன் வரும் மூன்று துண்டுத் தொகுதிகள் இதைத் தீர்க்கும் என்று சொல்லி விற்பார்கள். மலிவானவற்றில் அந்தப் பெட்டி எல்லாக் கீழ்ச்சுருதிகளையும் ஒரே "தும்" ஆக்கிவிடும். பேச்சு அதற்குள் அமிழ்ந்து போகும். தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, அந்தத் "தும்" சுவரைக் கடந்து பக்கத்து வீட்டுக்கும் போகும்.

எதைத் தரும்

மனிதக் குரலைத் தரும். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரைதான் கடத்தியது. ஆண் குரலின் அடிச்சுருதி 100 ஹேர்ட்ஸ் அளவில் இருந்தும், தொலைபேசியில் அப்பாவை அப்பாவாகவே அடையாளம் கண்டோம். மேலே உள்ள ஒலிகளை வைத்து விடுபட்ட அடிச்சுருதியை மூளை நிரப்பிக்கொள்கிறது. சிறிய ஸ்பீக்கரிலும் அதுவே நடக்கிறது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளையோடு கதைக்கவும், செய்தி கேட்கவும், பழைய குரல் பதிவைக் கேட்கவும் ஒழுங்காக இயங்கும் மலிவு ஸ்பீக்கர் போதும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது

1. "ம்ம்ம்" என்ற தொடர் முரல்: எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அது 50 அல்லது 100 ஹேர்ட்ஸ் முரலாக ஸ்பீக்கருக்குள் கசியும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். முரல் நின்றால் பிழை சார்ஜர் வழியாக வருகிறது. பற்றரியில் வைத்துக் கேளுங்கள்.

2. "ஸ்ஸ்ஸ்" என்ற சீறல்: கணினியில் சத்தத்தைக் குறைத்து, ஸ்பீக்கரில் கூட்டி வைத்தால் சீறல் பெரிதாகும். மாற்றிச் செய்யுங்கள். கணினியில் 80 வீதம் வைத்து, ஸ்பீக்கரில் தேவையான அளவுக்கு மட்டும் கூட்டுங்கள்.

3. திருகும்போது "கரகர": நான் இருப்பது வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்குப் பக்கத்தில். உப்புக் காற்று பிளக்கையும் திருகியின் உட்பகுதியையும் அரித்துவிடும். மின்னை நிறுத்திவிட்டு, திருகியை இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்புங்கள். பிளக்கின் முனையைச் சுத்தமான துணியால் துடையுங்கள். ஸ்பீக்கரைக் கடல் பக்க யன்னலில் வைக்காதீர்கள்.

4. "டட்-டட்-டட்": அருகில் இருக்கும் கைத்தொலைபேசியின் அலை. தொலைபேசியைத் தள்ளி வையுங்கள்.

வாங்கும்போது

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கினாலும், பெட்டியைத் திறந்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். உங்களுக்கு நன்கு பழகிய ஒருவரின் குரல் பதிவைத் தொலைபேசியில் கொண்டு போங்கள்.

முதலில் எதையும் போடாமல் திருகியை முழுதாகக் கூட்டி, சீறலும் முரலும் எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு மிகக் குறைத்து வைத்துக் குரலைப் போடுங்கள். குரல் நடுவில் இருந்து வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஓங்கினால் திருகி சரியில்லை. கடைசியாகச் சத்தத்தைக் கூட்டி, எந்த இடத்தில் குரல் உடைகிறது என்று பாருங்கள். வீட்டில் தேவைப்படும் அளவுக்கு முன்பே உடைந்தால் வாங்காதீர்கள்.

வீட்டில் காது மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். சுவர் மூலையில் வைத்தால் கீழ்ச்சுருதி வீங்கிப் பேச்சு மங்கும்.

பழைய பதிவுகள் உள்ளவர்களுக்கு

பதிவின் பழுது வேறு, ஸ்பீக்கரின் பழுது வேறு. பிரித்தறிய ஒரு சுலபமான வழி, அதே பதிவை ஹெட்போனில் கேட்பது. ஹெட்போனில் இல்லாத முரல் ஸ்பீக்கருடையது. ஹெட்போனிலும் கேட்கும் சீறல் கசெற்றுடையதாக இருக்கலாம். டைனமோவில் அல்லது இறங்கிய பற்றரியில் பதிந்த கசெற்றுகளில் குரல் வேகமாகவோ அலைந்தோ கேட்கும். நாடா மெதுவாக ஓடியபோது பதிந்தது, இப்போது சரியான வேகத்தில் ஓடுவதால் அப்படி. சீராக வேகம் கூடியிருந்தால் ஓடாசிற்றி போன்ற இலவச மென்பொருளில் சரிசெய்யலாம்.

கணினியில் ஏற்றும்போது வேவ் கோப்பாகச் சேமியுங்கள். சி.டி. தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் பிடிக்கும். சீறலை நீக்கும் வேலையைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். கசெற்றை எறிய வேண்டாம்.

அன்ரியின் வீட்டில் முதலில் ஹெட்போனைப் போட்டுப் பார்த்தோம். முரல் இல்லை. பிறகு சார்ஜரைக் கழற்றி, கணினியில் சத்தத்தைக் கூட்டி, ஸ்பீக்கரில் குறைத்து, மூலையில் இருந்ததை மேசை நடுவுக்குக் கொண்டு வந்தோம். அதே மலிவு ஸ்பீக்கர்தான். பிள்ளை ஒரு தேவாரம் பாடி முடித்துவிட்டு, "அம்மா, நிப்பாட்டட்டோ?" என்று கேட்கிறான். இவ்வளவு நாளும் முரலுக்குள் அந்தக் கேள்வி கேட்காமலே இருந்திருக்கிறது.

கசெற் இப்போது பொலித்தீனில் சுற்றி, அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது.