பாக்கெட் நாவல்னா மட்டமா? ராஜேஷ்குமாரும் ஒன்றரை ரூபாய் பாரதியும்!

உங்க அப்பாவோ சித்தப்பாவோ 80-களில் புதுக்கோட்டை, அறந்தாங்கி பக்கம் பஸ் ஏறி காலேஜ் போனவரா? 'விவேக் - ரூபலா யாரு?'னு கேட்டுப் பாருங்க. சட்டுனு பதில் வந்தா, அவர் ராஜேஷ்குமார் வாசகர்!

கோவைக்காரரான ராஜேஷ்குமாரின் இயற்பெயர் ராஜகோபால். இதுவரை 1,500-க்கும் அதிகமான நாவல்கள் எழுதியவர். அவரோட ஃபார்முலா ரொம்ப ஃபேமஸ். ஒரு அத்தியாயம் ஒரு ஊரில், அடுத்தது சம்பந்தமே இல்லாத வேற ஊரில்னு ரெண்டு ட்ராக்கில் கதை ஓடும். ரெண்டும் எங்கே முட்டிக்கும்ங்கிறதுதான் சஸ்பென்ஸ். நடுவுல தடயவியல், மருத்துவம்னு கொஞ்சம் அறிவியலும் தூவியிருப்பார். எல்லாமே தேறும்னு சொல்ல முடியாது. கடைசி ரெண்டு பக்கத்தில் அவசரமா முடியுற கதைகளும் உண்டு. ஆனா, திருச்சி போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சிடலாம்.

இவ்வளவு எழுதியும் இலக்கிய வட்டாரத்தில் இவர் பேர் பெருசா அடிபட்டதில்லை. எழுத்து மட்டும்தான் காரணமா? விற்ற இடமும் ஒரு காரணம்னு தோணுது. பாக்கெட் நாவல் மாத இதழ் மாதிரி வந்தது. மட்டமான தாள், ஸ்டேப்ளர் பின், பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கும். அடுத்த மாசம் அடுத்த நாவல் வந்ததும் பழசு எடைக்குப் போயிடும். புத்தகக் கடை அலமாரிக்கே வராத புத்தகத்துக்கு யார் விமர்சனம் எழுதுவாங்க?

இந்த ஏளனம் புதுசும் இல்ல. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர்.ரங்கராஜு காலத்திலேயே துப்பறியும் நாவல்னா முகம் சுளிச்சவங்க இருந்தாங்க. வடுவூராரின் 'திகம்பர சாமியார்' 1950-ல் நம்பியார் நடிச்ச படமாவே வந்துச்சு.

விலை குறைஞ்சா தரமும் குறையும்ங்கிற நினைப்பை உடைச்சவர் நம்ம மாவட்டத்துக்காரர்தான். ராயவரத்தில் பிறந்த 'சக்தி' வை.கோவிந்தன், 1957-ல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கு மலிவுப் பதிப்பா கொண்டுவந்தார். சம்பளக்காரங்க மட்டுமில்லாம கூலிக்காரர் வீட்டுக்கும் பாரதி போகணும்னா விலை இறங்கணும். அவர் பாரதிக்குச் செஞ்சதை, பாக்கெட் நாவல்காரங்க கொலைக் கதைக்குச் செஞ்சாங்க. ரெண்டும் ஒண்ணு இல்லதான். ஆனா, எழுத்துக்கூட்டிப் படிச்ச பலருக்கு முதல்முறையா ஒரு முழு நாவலை முடிக்க வெச்சது பெட்டிக்கடைதான்.

இப்போ மரியாதை வேற வழியில் வருது. 2008-ல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் கதைகளை ஆங்கிலத் தொகுப்பா போட்டது. பெட்டிக்கடையில் தொங்கின அதே எழுத்து, ஆங்கிலத்துக்குப் போனதும் பெரிய புத்தகக் கடைகளுக்குள்ள நுழைஞ்சிடுச்சு! கே.வி.ஆனந்தின் 'அயன்', 'கோ' படங்களில் எழுதியது சுபா. அருண் விஜய்யின் 'குற்றம் 23' ராஜேஷ்குமார் நாவல்தான்.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி உருவாக்கிய ஞானாலயா நூலகத்தில் அரிய முதல் பதிப்புகளைப் பார்க்கலாம். பாக்கெட் நாவல்களைத் தேடுறவங்க பழைய புத்தகக் கடைக்குத்தான் போகணும். அலைய முடியாதுனா, மொபைல்ல கிண்டில் ஆப் போதும். ராஜேஷ்குமார் நாவல்கள் நிறையவே அங்க இருக்கு.