பத்துப் பருவமும் ஒரு தம்பியும்

பூவிருந்தவல்லிக்குத் தெற்கே, மாங்காட்டுக்கு அப்பால், சிறு குன்றொன்றின் மேல் முருகன் கோயிலும் அதன் கீழே திருநாகேச்சுரம் என்னும் சிவாலயமும் விளங்க அமைந்திருக்கும் குன்றத்தூர், தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களுள் ஒன்றாகிய புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இவ்வூரில் வேளாளர் குடியொன்றில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவருக்கு அருண்மொழித்தேவர் என்றும், இளையவருக்குத் திருஞானசம்பந்தரின் திருநாமங்களுள் ஒன்றாகிய பாலறாவாயர் என்றும் பெயரிட்டார்கள் என்று உமாபதி சிவாசாரியார் இயற்றிய சேக்கிழார் புராணம் சொல்லுகிறது. அந்த மூத்தவரே பின்னாளில் அநபாய சோழனுக்கு மந்திரியாகி, நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பெரிய புராணத்தை அருளிய சேக்கிழார்.

அடியார் அறுபத்துமூவரின் சரித்திரத்தைப் பாட வந்த அவர், தம் ஊருக்கு அண்மையிலே திருவேற்காட்டில் அவதரித்த மூர்க்க நாயனாரையும், திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே இறைவனுக்குக் கோயில் எழுப்பிய பூசலாரையும் உரிய முறையில் பாடினார். ஆனால், அரசாங்கக் காரியங்களில் மூழ்கியிருந்த அந்தப் பெருமகன், சீகாழியில் பிறந்த ஞானசம்பந்தப் பிள்ளையாரின் பால்யத்தை அடைந்ததும் காட்டுகிற நிதானத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. குழந்தை தலையெடுத்து முகம் அசையச் செங்கீரை ஆடுவதையும், கைகொட்டிச் சப்பாணி காட்டுவதையும், தளர்நடை நடப்பதையும், மணி கட்டிய சிறுதேரைத் தொடர்ந்து உருட்டிக்கொண்டு ஓடிப் பெண் குழந்தைகள் மணலில் கட்டிய சிற்றில்களை அழிப்பதையும் ஒவ்வொன்றாக நின்று பார்த்துப் பாடிவிட்டுத்தான் அவர் உமையம்மை ஞானப்பால் ஊட்டிய மூன்றாம் வயதின் அற்புதத்துக்கு வருகிறார். எந்த வீட்டுக் குழந்தையும் செய்வதையே அவரும் பாடினார். தெய்வச் செயலுக்குச் சற்றும் குறையாத மரியாதையோடு பாடினார்.

இந்த மரியாதை சேக்கிழாருக்கு முன்பே இந்த மண்ணில் வேரூன்றியது. காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில், மருத நிலத்து இல்லமொன்றைக் காட்ட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், தச்சர் வீட்டுச் சிறுவர்களும் விரும்பும்படி செய்யப்பட்ட தேரை உருட்டி உருட்டிக் களைத்த குழந்தைகள், நடந்த இளைப்புத் தீரச் செவிலியரிடம் பால் குடித்துப் படுக்கையிலே உறங்கும் காட்சியை வைக்கிறார். அவரே பாடிய பட்டினப்பாலையில் அந்தத் தேருக்கு மூன்று கால்கள் உண்டு. இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் வீடுதோறும் சுவரில் இடித்துக்கொண்டு உருளும் மர நடைவண்டிக்கும் மூன்றே சக்கரங்கள்தாம் என்பதைக் கருதினால், இந்தப் பிரதேசத்தில் குழந்தை எழுந்து நடக்கும் வரலாறு எத்தனை நீளமானது என்று விளங்கும்.

தனித்தனியே கண்ட இக்காட்சிகளைப் பருவம் பருவமாகக் கோத்துப் பாடும் நெறியைத் தமிழில் விரிவாகத் தொடங்கி வைத்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார். தம்மை யசோதையாகவே பாவித்துக் கொண்டு, கண்ணனைத் தாலாட்டியும், சந்திரனை அவனோடு விளையாட அழைத்தும், தளர்நடை நடக்கக் கண்டு மகிழ்ந்தும் அவர் பாடிய பாசுரங்களில் வாத்ஸல்ய ரஸம் பெருகுகிறது. பின்பு, சேக்கிழார் மந்திரியாக இருந்த அதே சோழ சபையில் கவிச்சக்கரவர்த்தியாக விளங்கிய ஒட்டக்கூத்தர், அநபாயன் என்ற பெயரையும் உடைய இரண்டாம் குலோத்துங்கனைக் குழந்தையாக வைத்துக் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடினார். நமக்குக் கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ்ப் பிரபந்தங்களுள் அதுவே முற்பட்டது என்பது அறிஞர் கொள்கை. ஓர் அரசனின் நிழலில் இரு பெரும் புலவர்கள் வாழ்ந்து, ஒருவர் அவனையே தொட்டிலில் இட்டும், மற்றவர் ஞானக் குழந்தையைத் தெருவில் நடக்கவிட்டும் மழலைக்குக் காவியப் பதவி அளித்த காலம் அது.

பிள்ளைத்தமிழுக்குரிய பத்துப் பருவங்களும் குழந்தையின் மாதங்களை ஒட்டியே வகுக்கப்பட்டவை. மூன்றாம் மாதத்தில் தெய்வங்களெல்லாம் காக்க என்று வேண்டும் காப்பு, ஐந்தில், ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி இரு கையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் நடந்து வருக என்று அழைக்கும் வருகை, பதினைந்தில் நிலவைக் கூப்பிடும் அம்புலி, அதன்பின் ஆண் குழந்தைக்குப் பதினேழில் சிற்றில், பத்தொன்பதில் சிறுபறை, இருபத்தொன்றில் சிறுதேர். பெண் குழந்தைக்கு இறுதி மூன்றும் அம்மானை, நீராடல், ஊசல் என மாறும். இவற்றுள் அம்புலிப் பருவம் பாடுதற்கு அரியது என்பார்கள். ஏனெனில் ஒரு குழந்தையோடு விளையாட வரும்படி சந்திரனைச் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும் புலவன் இணங்கச் செய்ய வேண்டும். அரசர்கள் பகைவரிடம் கையாளும் ராஜதந்திரம் முழுவதையும் ஒரு குழந்தையின் விளையாட்டுக்காகச் செலவிடத் துணிந்தது இந்தச் சம்பிரதாயம்.

சேக்கிழார் காலத்துக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) சேக்கிழார் பிள்ளைத்தமிழ் இயற்றினார். சோழ மந்திரியும் புராணகர்த்தருமான அந்தப் பெரியவரைக் குன்றத்தூர்க் குழந்தையாக்கிச் செங்கீரை ஆட வைத்தார். சப்பாணி கொட்ட வைத்தார். சிறுதேர் உருட்ட வைத்தார். பிறர் குழந்தையின் தளர்நடையைப் போற்றியவருக்குத் தமிழ் செலுத்திய கைம்மாறு என்று அதைக் கொள்ளலாம்.

பத்தாவது பருவம் முடிகிற இருபத்தொன்றாம் மாதம், நம் குடும்பங்களில் அநேகமாகத் தாய் மறுபடியும் கர்ப்பம் தரித்திருக்கும் காலம். பிள்ளைத்தமிழ் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் வீட்டு வழக்கம் நன்றாக அறிந்திருந்தது. வயிற்றில் அடுத்தது தங்கியதும் மார்பில் வேப்பிலையை அரைத்துப் பூசிப் பால் மறக்கடிப்பார்கள். தாய்ப்பாலை இழந்து, ஏங்கி, மெலிந்த குழந்தையைச் சவலைப் பிள்ளை என்றார்கள். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் நாட்டில் பணியாற்றிய ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், 1935-இல் குவாஷியோர்கர் என்ற நோயை அந்நாட்டு மக்கள் வழங்கிய பெயராலேயே உலகுக்கு அறிவித்தபோது, அடுத்த குழந்தை வந்ததனால் இடமிழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பதே அவருக்குக் கிடைத்த விளக்கம். கடல் கடந்த இரண்டு சமூகங்களும் ஒரே துயரத்தை ஒரே கண்ணால் கண்டிருக்கின்றன. இந்தத் துயரத்தைத் தடுக்கும் நோக்கமும் கொண்டே 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், கர்ப்பிணியையும் அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையையும் ஒரே அங்கன்வாடியில் சேர்த்துக் கவனிக்கிறது. கருவுற்ற தாய் பொதுவாக மூத்த குழந்தைக்கும் பாலூட்டலாம் என்று இன்றைய வைத்தியர்கள் சொல்வது, அந்த வேப்பிலைக் கசப்புக்கு அவசியமில்லாமல் செய்திருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து தேசங்களின் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆரோக்கியமான குழந்தை தானாக நடக்கத் தொடங்குவது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்பொழுது வேண்டுமானாலும் நிகழலாம். வருகைப் பருவத்தின் பதின்மூன்றாம் மாதம் அந்த எல்லையின் நடுவே நிற்கிறது. எனினும் பிள்ளைத்தமிழ் மாதக்கணக்கைப் பரீட்சையாக வைக்கவில்லை. இந்த மாதத்தில் இதைக் கண்டு மகிழ்க என்று பெற்றோருக்கும் ஊருக்கும் நினைவூட்டவே வைத்தது. அடுத்த வீட்டுக் குழந்தை நடந்துவிட்டதே என்று கலங்குகிற தாய்மார் மனங்கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

இந்த நினைவூட்டல் இப்போது இந்தப் பகுதிக்கு மிகவும் தேவைப்படுகிறது. 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் ஆலையும், அறுபதுகளில் அங்கே தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்த பிறகு, பல ஜில்லாக்களிலிருந்தும் வந்து குடியேறிய இளம் தம்பதிகளால் நிறைந்தவை இந்த ஊர்கள். பாட்டியும் அத்தையும் பக்கத்தில் இல்லாத இரண்டு அறை வீட்டில், தலைப்பிள்ளையின் ஒவ்வொரு அடியையும் பார்ப்பதற்குத் தாயும் தந்தையும் மட்டுமே இருக்கிறார்கள். திருமுல்லைவாயிலில் உள்ள எங்கள் வீட்டிலும் அதே நிலைதான். என் மகன் நடைவண்டியைக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளிச் சென்று, திரும்பி, நாங்கள் பார்த்தோமா என்று நின்று சரிபார்க்கிறான்; மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போனால் யானை வாகனத்தைக் கண்டு அவனுக்கு மட்டும் புரிகிற பாஷையில் வெகுநேரம் வார்த்தையாடுகிறான்; அம்மாவின் வயிற்றில் காதை வைத்துப் "பாப்பா" என்கிறான். இவற்றைக் காணும்போது எனக்கு உண்டாகிற ஆனந்தம், ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனுக்கு அளித்ததைவிடக் குறைந்த கௌரவத்துக்கு உரியது என்று நான் எண்ணவில்லை.

தலைச்சன் கருவுக்கு வளைகாப்பும் சீமந்தமும் செய்கிற நம்முடைய பெரும்பாலான குடும்பங்களில் இரண்டாம் கருவுக்கு அந்த ஆரவாரம் கிடையாது. பிறந்த பின்னும் மூத்ததன் ஆடையும் தொட்டிலும் நடைவண்டியும் அதற்கு வந்து சேர்கின்றன. அதில் குற்றமில்லை. பார்க்கும் கண் மட்டும் பழையதாகிவிடக் கூடாது. குன்றத்தூர் வீட்டில் இரண்டாவதாகப் பிறந்த பிள்ளைக்கே சம்பந்தரின் திருநாமத்தை எடுத்து வைத்தார்கள். அண்ணன் சேக்கிழார் தில்லையில் தங்கிவிட்டபின், சோழன் அந்தத் தம்பியை அழைத்துத் தொண்டைமான் என்னும் பட்டம் சூட்டித் தொண்டை நாட்டுப் பொறுப்பை ஒப்புவித்தான் என்று சேக்கிழார் புராணம் கூறுகிறது. அண்ணனுக்குப் பிள்ளைத்தமிழ் கிடைத்தது, தம்பிக்குக் கிடைக்கவில்லை. புலவர்கள் விட்ட அந்தக் குறையை வீடுகள் தீர்க்கலாம். இனி வரும் குழந்தை முதன்முதல் தலைநிமிரும் நாளில், இதை முன்பே பார்த்திருக்கிறோம் என்று சொல்லாமல், காப்பிலிருந்து மறுபடியும் தொடங்கிப் பத்துப் பருவங்களையும் அதற்கென்றே பார்த்து மகிழ்வதும், அது வரும் வரையில் மூத்த குழந்தையின் சிறுதேர்ப் பருவத்தை அவசரப்படுத்தாமல் முழுமையாக அதற்கே விட்டுவைப்பதுமே, சேக்கிழார் பிறந்த நாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் ஏற்றுக்கொள்ளத் தக்க தர்மம்.