ஹெத்மன் ஷுவ்கியெவ்ஸ்கி: வெற்றியும் உடன்படிக்கையும்

போலந்தில் படைத்தலைமை ஏற்றவருக்கு 'ஹெத்மன்' என்பது பதவிப்பெயர். 'ஹௌப்ட்மன்' எனும் ஜெர்மானியச் சொல் செக் மொழி வழியாகப் போலிஷ் மொழியிற் புகுந்து இவ்வடிவம் பெற்றது என்பர். உக்ரைனியக் கொசாக்குகளின் தலைவர்களும் பின்னர் இப்பெயரால் அழைக்கப்பட்டனர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இது வாழ்நாள் பதவியாயிற்று. எல்லையில் படை நடத்துவதோடு, அண்டை அரசுகளோடு பேச்சு நடத்தும் பொறுப்பும் ஹெத்மனைச் சார்ந்திருந்தது. ஆகவே 'தளபதி' எனும் தமிழ்ச்சொல் அப்பதவியின் ஒரு கூற்றையே உணர்த்தும். மறு கூற்றை ஸ்தானிஸ்வாவ் ஷுவ்கியெவ்ஸ்கியின் (1547–1620) வாழ்க்கை விளக்குகிறது.

பேரமைச்சர் யான் ஸமோய்ஸ்கியின் அரவணைப்பில் உயர்ந்த அவர், 1588இல் களப்படை ஹெத்மன் ஆனார். 1596இல் நலிவைக்கோ தலைமையிலான கொசாக் கிளர்ச்சியை லூப்னி அருகே அடக்கினார். சரணடைந்த முகாமினர் பலர் அங்கே போலந்து வீரர்களால் கொல்லப்பட்டனர். அவர் புகழில் நீங்காத கறை இது.

1609இல் மன்னர் மூன்றாம் சிகிஸ்முண்ட் ஸ்மோலென்ஸ்க் நகரை முற்றுகையிட்டார். அம்முற்றுகையை நீக்க ரஷ்ய, சுவீடியப் படைகள் ஒருங்கே வந்தன. 1610 ஜூலை 4ஆம் நாள் குளூஷினோவில் ஷுவ்கியெவ்ஸ்கி அவற்றை எதிர்கொண்டார். அவரிடம் இருந்தோர் ஏறத்தாழ 7,000 பேர். எதிர்த்தரப்பினர் 30,000க்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகிறது. இறகணி பூண்ட குதிரைப்படையின் தொடர் தாக்குதலால் ரஷ்ய அணி சிதைந்தது. அயல்நாட்டுக் கூலிப்படையினரை அவர் பேச்சினால் போரினின்று விலக்கினார்.

அதே மாதம் மாஸ்கோவில் ஜார் வசீலி ஷூய்ஸ்கி அரியணையிழந்தார். நகரைத் தாக்காமல், ஆகஸ்டில் பொயார் பிரபுக்களோடு ஷுவ்கியெவ்ஸ்கி உடன்படிக்கை செய்தார். சிகிஸ்முண்டின் மகன் விளாடிஸ்லாவ் ஜாராக ஏற்கப்படுவார். கிழக்கு மரபுத் திருச்சபையின் உரிமைகள் காக்கப்படும் என்பன அதன் சாரம். பொயார்களின் இசைவோடு போலந்துப் படை மாஸ்கோவினுள் நுழைந்தது.

மன்னரோ ரஷ்ய அரியணையைத் தாமே அடைய விரும்பினார். மகனை அனுப்ப இசையவில்லை. உடன்படிக்கை நிறைவேறாது என உணர்ந்த ஹெத்மன் மாஸ்கோவை விட்டகன்றார். சிறைப்பட்ட ஷூய்ஸ்கியை 1611இல் வார்சா நாடாளுமன்றத்தின் முன் நிறுத்தியபோது அவர் பெற்ற பெருமை பெரிது. ஆயினும் மாஸ்கோவில் எஞ்சிய படை 1612இல் பசியால் நலிந்து சரணடைந்தது. 1613இல் மிக்கயில் ரொமானோவ் ஜாராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். களத்தில் ஒரே நாளில் ஈட்டிய பயன், சொல்லைக் காவாமையால் மூன்றாண்டுகளில் அழிந்தது.

இப்போரின் தொடக்கத்தையும் போக்கையும் ஷுவ்கியெவ்ஸ்கி போலிஷ் மொழியில் நூலாக எழுதினார். தலைப்பிலேயே போலிஷ் சொல்லோடு லத்தீன் வழிச் சொல்லும் இணைந்துள்ளது. அக்கால உயர்குடியினரின் உரைநடை இயல்பு அது. தம்மைத் தன்மையிற் கூறாது, 'ஹெத்மன்' எனப் படர்க்கையிலேயே சுட்டுகிறார்.

1618க்குள் பேரமைச்சர், தலைமை ஹெத்மன் ஆகிய இரு பதவிகளும் அவரிடம் சேர்ந்தன. 1620இல் மால்டேவியாவின் ட்செத்சோராவில் உதுமானியரிடம் தோற்றுப் பின்வாங்குகையில், எல்லையை அணுகிய நிலையில் படை ஒழுங்கு குலைந்தது. எழுபது கடந்த ஹெத்மன் அங்கே வீழ்ந்தார். 1683இல் வியன்னாவின் முற்றுகையை நீக்கிய மன்னர் யான் சோபியெஸ்கி அவருடைய கொள்ளுப்பேரன். அவருடைய நூலைத் தமிழாக்க முற்படுவோர் 'ஹெத்மன்' என்பதை அவ்வாறே நிறுத்தி விளக்கம் தருவது பொருந்தும். களத்தில் வென்றவரும் உடன்படிக்கையைக் காக்க விழைந்தவரும் அவ்வொரு சொல்லுள் அடங்குவர்.