தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உடற்கல்வி

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உடற்கல்வி என்பது மாணவர்களின் உடல்நலம், இயக்கத் திறன், விளையாட்டுப் பழக்கம் ஆகியவற்றை வளர்க்கும் பொருட்டுப் பள்ளி நேரத்திற்குள் அளிக்கப்படும் கல்வியாகும். விளையாட்டுப் பயிற்சி திறமையுள்ள சிலரைத் தேர்ந்து போட்டிக்கு ஆயத்தப்படுத்துவது. உடற்கல்வியோ எல்லா மாணவருக்கும் உரியது. இதற்குக் கால அட்டவணையில் பாடவேளை ஒதுக்கப்படினும், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இது ஒரு பாடமாக இல்லை.

வரலாறு

1920 ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கினார். தற்போது நந்தனத்தில் உள்ள இக்கல்லூரி ஆசியாவின் மிகப் பழைய உடற்கல்வியியல் கல்லூரிகளுள் ஒன்றாகும். அணிவகுப்பும் கட்டளையுமாக இருந்த பள்ளிப் பயிற்சி, முறையான கல்வி பெற்ற ஆசிரியர்கள் நடத்தும் பாடமாக மாறியதில் இதன் பங்கு பெரிது. 1924 பாரிசு ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகவும் பக் பணியாற்றினார்.

சட்ட நிலை

1976 இல் நிறைவேறிய 42 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திற்குப் பின் கல்வி நடுவண் அரசுக்கும் மாநில அரசுக்கும் பொதுவான பட்டியலில் உள்ளது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான கல்வி உரிமைச் சட்டம், 2009 பின்வருவனவற்றைக் கோருகிறது:

* பள்ளிக்கு விளையாட்டுத் திடல்
* விளையாட்டுக் கருவிகள்
* 6 முதல் 8 ஆம் வகுப்பு வரை 100 பேருக்கு மேல் பயிலும் பள்ளிகளில், உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்

1 முதல் 5 ஆம் வகுப்பு வரை தனி உடற்கல்விப் பயிற்றுநரை இச்சட்டம் கோரவில்லை. ஆகவே சிறிய ஊர்ப் பள்ளிகளில் இப்பாடவேளை வகுப்பாசிரியரின் ஆர்வத்தையே சார்ந்துள்ளது.

ஆசிரியர்கள்

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர், உடற்கல்வி இயக்குநர் ஆகிய பணியிடங்கள் உள்ளன. 2012 இல் உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்பட்டன. தொடக்கத்தில் இவர்களின் மாத ஊதியம் 5,000 ரூபாய். பணி வாரத்திற்கு மூன்று அரைநாட்கள். பணி நிரந்தரம் கோரி இவர்கள் பலமுறை போராடியுள்ளனர்.

பாடவேளை இழப்பு

தேர்வு நெருங்கும்போது உடற்கல்விப் பாடவேளையைப் பிற பாட ஆசிரியர்கள் எடுத்துக்கொள்வது பரவலான வழக்கமாகும். 2023 இல் விளையாட்டு மேம்பாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், இப்பாடவேளையைக் கடன் வாங்க வேண்டாம் எனக் கணித, அறிவியல் ஆசிரியர்களை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2018-19 கல்வியாண்டு முதல் 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கு நாள்தோறும் ஒரு பாடவேளையைக் கட்டாயமாக்கியது.

செங்கல்பட்டு மாவட்டம்

2019 இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தில், வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையிலுள்ள மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. மாமல்லபுரத்தில் 2022 சூலை, ஆகத்து மாதங்களில் 44 ஆவது சதுரங்க ஒலிம்பியாடும், 2025 ஆகத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் நடைபெற்றன. கோவளம், மாமல்லபுரம் மீனவர் குடும்பங்களின் இளைஞர்கள் பலர் அலைச்சறுக்கு வீரர்களாக உயர்ந்துள்ளனர். ஆனால் அவர்கள் அதைக் கற்றது கடற்கரைப் பயிற்சி நிலையங்களில். பள்ளிப் பாடவேளையில் அன்று. கடலுக்குச் செல்லாத, போட்டிக்குத் தேர்வாகாத மாணவருக்குப் பள்ளியின் பாடவேளையே பெரும்பாலும் ஒரே வாய்ப்பாகும்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் உடற்கல்வியைக் கட்டாயமாக்கும் நாடு தழுவிய சட்டம் இல்லை, மாநிலங்களே விதிக்கின்றன. நாள்தோறும் உடற்கல்வி வேண்டும் என விதித்திருந்த இல்லினாய் மாநிலம், 2017 இல் அதை ஐந்து நாட்களில் குறைந்தது மூன்று நாட்கள் எனத் தளர்த்தியது. 5 முதல் 17 வயதினர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2020 இல் பரிந்துரைத்தது.

இவற்றையும் பார்க்க

* கல்வி உரிமைச் சட்டம், 2009
* ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி
* செங்கல்பட்டு மாவட்டம்